பூனை வருமுன் வீட்டில் இருக்க வேண்டியவை, இருக்கக் கூடாதவை

இன்னும் சில நாட்களில் வீட்டுக்கு முதன்முறையாக ஒரு பூனை வரப்போகிறது, அதற்குள் என்னென்ன வாங்கி வைக்க வேண்டும் என்பது கேள்வி. வாங்க வேண்டியவை உண்மையில் மிகக் குறைவு. பூனை மலசலம் கழிக்க இரண்டு மணல் தட்டுகள், அவற்றில் நிரப்பும் மணல், ஒளிந்துகொள்ள ஒரு பெட்டி, உணவு, இரண்டு மூன்று கிண்ணங்கள், கீறுவதற்கு ஒரு கம்பம், பூனையை வைத்துத் தூக்கிச் செல்ல ஒரு கேரியர் பெட்டி. முதல் மாதத்துக்கு இவையும் கீழே ஆங்காங்கே சொல்லும் சில சிறு பொருள்களும் போதும். ஆனால் இவற்றின் அளவும் இவற்றை வைக்கும் இடமும் சரியாக இருக்க வேண்டும். "கண்ட இடத்தில் அசுத்தம் செய்கிறது, சோபாவைக் கிழிக்கிறது, கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வருவதே இல்லை" என்று என்னிடம் வரும் புகார்கள் பலவற்றிலும் குறை பூனையிடம் இருப்பதில்லை. தட்டு சிறியதாக இருக்கும், கம்பம் ஆடும், ஒளிய இடமே இருக்காது. அதனால் எதை வாங்குவது என்பதோடு ஏன், எப்படி என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன். வீட்டிலிருந்து அகற்ற வேண்டியவையும் உண்டு. அவற்றைக் கவனிக்காமல் விட்டால் உயிரே போய்விடக்கூடும்.

கடைக்குப் போவதற்கு முன் ஓர் அறையைத் தேர்ந்தெடுங்கள். கதவைச் சாத்தக்கூடிய, நடமாட்டம் குறைந்த அறை. பூனை முதலில் பழகுவது இடத்தோடுதான். ஆட்களோடு பழகுவதெல்லாம் அதற்குப் பிறகு. வீட்டுப் பூனையின் மூதாதையான ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை தனியாக வேட்டையாடும் பிராணி. தன்னைவிடப் பெரிய விலங்குகளுக்கு அதுவே இரையாவதும் உண்டு. எனவே வாசனை தெரியாத இடத்தில் பதுங்குவது பூனையின் பிறவிக் குணம். முழு வீட்டையும் ஒரே நாளில் திறந்துவிட்டால் எங்கே பாதுகாப்பு என்று அதற்குத் தெரியாது. கையெட்டாத ஒரு மூலையில் போய் ஒடுங்கிவிடும். ஒரே அறை என்றால் ஓரிரு நாட்களில் அதன் ஒவ்வோர் அங்குலத்தையும் முகர்ந்து தனதாக்கிக்கொள்ளும். அலமாரிக்குப் பின்னால், குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால், கனமான கட்டிலுக்கு அடியில் என நம் கை நுழையாத இடைவெளிகளைப் பூனை வருமுன்பே அடைத்துவிடுங்கள்.

அடைத்துவிட்டு, அதற்குப் பதிலாக நல்ல ஒளிவிடம் ஒன்றைக் கொடுங்கள். இதற்குச் செலவே இல்லை. ஒரு அட்டைப்பெட்டியைப் பக்கவாட்டில் கவிழ்த்து, இரண்டு பக்கமும் வழி வெட்டி, உள்ளே ஒரு பழைய துணியை விரித்தால் போதும். வழி ஒன்றாக இல்லாமல் இரண்டாக இருப்பது முக்கியம். தப்பிக்க வழி இருக்கிறது என்று தெரிந்தால்தான் பூனை அதற்குள் நிம்மதியாகப் படுக்கும். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைத்தான் பார்த்தது. காப்பகத்துக்குப் புதிதாக வந்த பூனைகளில் சிலவற்றுக்கு ஒளிந்துகொள்ளப் பெட்டி கொடுத்தார்கள், மற்றவற்றுக்குக் கொடுக்கவில்லை. பெட்டி கிடைத்த பூனைகளிடம் முதல் சில நாட்களிலேயே பதற்றம் குறைந்தது. புதிய இடத்துக்கு அவை விரைவாகப் பழகின. ஆகவே பெட்டிக்குள் இருக்கும் பூனையை "பழக்குகிறேன்" என்று கையை விட்டு இழுக்காதீர்கள். அறையின் மறுபக்கம் தரையில் உட்கார்ந்து எதையாவது படித்துக்கொண்டிருங்கள். அது தானாக வந்து உங்கள் கால்விரலை முகரும்.

அடுத்து மணல் தட்டு. கடைகளில் லிட்டர் பாக்ஸ் என்று கேட்டு வாங்குவது. எல்லாவற்றையும்விட அதிக யோசனை தேவைப்படுவது இதற்குத்தான். மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை பூனையின் நீளம் எவ்வளவோ அதைப்போல ஒன்றரை மடங்கு நீளம் தட்டுக்கு இருக்க வேண்டும் என்பது நடத்தை நிபுணர்கள் சொல்லும் அளவு. வளர்ந்த பூனைக்கு இது ஏறத்தாழ 70 செ.மீ. வரும். கடையில் "பூனைத் தட்டு" என்று விற்பவற்றில் பல இதைவிடச் சிறியவை. துணிகள் அடுக்கி வைக்கும் அகலமான பிளாஸ்டிக் தொட்டியை வாங்கி, ஒரு பக்கச் சுவரை மட்டும் தாழ வெட்டி, வெட்டிய ஓரத்தைத் தேய்த்து மழுக்கிவிட்டால் அவற்றைவிட நன்றாக இருக்கும். குட்டியாக இருந்தாலும் வயதான பூனையாக இருந்தாலும் தாழ்ந்த வாசல் கட்டாயம். மூடி போட்ட தட்டு நமக்கு நாற்றம் தெரியாமல் இருக்க உதவும். நாற்றம் உள்ளேயே தங்குவதால் பல பூனைகளுக்கு அது பிடிப்பதில்லை. முதலில் திறந்த தட்டிலேயே தொடங்குங்கள்.

மணல் நுண்ணியதாகவும் வாசனைத் திரவியம் சேர்க்காததாகவும் இருக்கட்டும். பூக்களின் மணம் ஊட்டிய மணல் வாங்குபவரைக் கவர்வதற்காகச் செய்யப்படுவது. பூனையின் மூக்குக்கு அது தொல்லை. பழைய காலத்தில் சாம்பலும் ஆற்று மணலும்தான் பயன்பட்டன. 1947ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த எட்வர்ட் லோ என்பவர் உலர்ந்த களிமண் துகள்களைப் பூனைகளுக்கென்றே பையிலிட்டு விற்கத் தொடங்கினார். வீட்டுக்குள்ளேயே பூனை வளர்ப்பது பரவியதில் அந்தப் பைக்குப் பெரும் பங்கு உண்டு. ஈரம் பட்டதும் கட்டியாகும் மணல் அதற்குப் பின் வந்தது. கட்டியை மட்டும் கரண்டியால் எடுத்துவிடலாம் என்பதால் வளர்ந்த பூனைக்கு அதுவே வசதி. மூன்று நான்கு மாதத்துக்கு உட்பட்ட குட்டிகள் எதையும் வாயில் போட்டுப் பார்க்கும். வயிற்றுக்குள் போய்க் கட்டியாகும் ஆபத்து இருப்பதால் அவற்றுக்குக் கட்டியாகாத வகையைக் கொடுங்கள். சுமார் 5 செ.மீ. உயரத்துக்கு நிரப்பினால் தோண்ட வசதியாக இருக்கும். பூனை முன்பு இருந்த இடத்தில் எந்த மணலைப் பயன்படுத்தினார்கள் என்று கேட்டு அதையே வாங்குவது நல்லது.

தட்டை வைக்கும் இடத்தில் அமைதி வேண்டும். பூனையின் காது 80 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலியையும் கேட்கும். மனிதக் காதின் எல்லை 20 தான். மணலில் குந்தியிருக்கும்போது பக்கத்தில் சலவை இயந்திரம் திடீரென்று சுழன்றால், பயந்த பூனை மறுமுறை அந்தப் பக்கமே போகாது. சாப்பாட்டுக் கிண்ணத்துக்கு அருகிலும் வைக்கக் கூடாது. எண்ணிக்கை, பூனைகளின் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டியது: ஒரு பூனைக்கு இரண்டு தட்டுகள். இரண்டையும் ஒட்டி வைத்தால் பூனைக்கு அது ஒரே தட்டு. தள்ளித் தள்ளி வையுங்கள்.

தட்டு பிடித்திருக்கிறதா என்பதைப் பூனையே காட்டிவிடும். பிடித்திருந்தால் நான்கு கால்களையும் உள்ளே வைத்து, ஓரிடத்தை முகர்ந்து, குழி தோண்டி, ஒருமுறை திரும்பி உட்காரும். முடிந்ததும் மறுபடி முகர்ந்து பார்த்து நிதானமாக மூடும். பிடிக்கவில்லை என்றால் முன்னங்கால்களைத் தட்டின் விளிம்பிலேயே ஊன்றிக்கொள்ளும், மணலை விட்டுவிட்டுச் சுவரைச் சுரண்டும், முடிந்த மறுகணமே மூடாமல் துள்ளி ஓடும். இவற்றில் ஒன்றைக் கண்டால், தரையில் அசுத்தம் செய்யும் நாள்வரை காத்திருக்காமல் மணலையோ தட்டையோ இடத்தையோ மாற்றுங்கள்.

தினம் இருமுறையாவது கரண்டியால் சுத்தம் செய்ய வேண்டும். சுத்தத்துக்கு அப்பாலும் இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியைச் சுமக்கும் பூனையின் மலத்தில் வெளிவரும் முட்டைகள் உடனே தொற்றாது. தொற்றும் நிலையை அடையக் குறைந்தது ஒரு நாள் ஆகும். தினமும் அள்ளிவிட்டால் அந்த ஆபத்து வெகுவாகக் குறையும். வீட்டில் கருவுற்ற பெண் இருந்தால் இந்த வேலையை வேறொருவர் செய்யட்டும். பூனையை வேறு வீட்டுக்கு அனுப்பத் தேவையில்லை. நொதி கலந்த துப்புரவுத் திரவம் ஒரு பாட்டில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தரையில் சிறுநீர் பட்டால் அம்மோனியா கலந்த திரவத்தால் துடைக்கக் கூடாது. சிறுநீரை ஒத்த அந்த வாடை பூனையை அதே இடத்துக்கு மீண்டும் அழைக்கும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: ஆண் பூனை திரும்பத் திரும்பத் தட்டுக்குப் போய் முக்கியும் சிறுநீர் வராவிட்டால் சிறுநீர்ப் பாதை அடைத்திருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்காமல் நள்ளிரவானாலும் மருத்துவரிடம் தூக்கிச் செல்ல வேண்டிய நிலை அது.

உணவைப் பொறுத்தவரை, முதல் வாரம் புதிதாக எதையும் முயல வேண்டாம். பூனை இதுவரை தின்றுவந்த அதே உணவையே வாங்கி வையுங்கள். வேறு உணவுக்கு மாற்ற விரும்பினால், அறைக்குப் பழகிய பிறகு 7 முதல் 10 நாட்களில் பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்டிக்கொண்டே போகலாம். பூனை இறைச்சியைத் தின்றே வாழ வேண்டிய பிராணி. டாரின் என்ற அமினோ அமிலத்தை அதன் உடல் தேவையான அளவு தயாரித்துக்கொள்ளாது. உணவிலிருந்துதான் கிடைக்க வேண்டும். டாரின் குறைந்தால் பூனையின் இதயத் தசை வலுவிழந்து வீங்கும் என்பதை டேவிஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் 1987ல் வெளியிட்டார்கள். அதற்குப் பிறகுதான் தயாரிப்பாளர்கள் உணவில் டாரினை அதிகப்படுத்தினார்கள். கண்ணின் விழித்திரை கெடுவதும் இதே குறைபாட்டால்தான். எனவே நாய் உணவு பூனைக்கு ஆகாது; நம் தட்டில் மிஞ்சியதும் ஆகாது. பையின் மேல் "முழுமையான சமச்சீர் உணவு" என்ற அறிவிப்பும் எந்த வயதுக்கானது என்ற குறிப்பும் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு வயது வரை குட்டிகளுக்கான உணவு. ஆறு மாதம் வரை நாளுக்கு மூன்று நான்கு வேளை. பால் வேண்டாம். தாய்ப்பால் மறந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலிலுள்ள சர்க்கரை செரிக்காமல் வயிற்றுப்போக்கு வரும்.

புது வீட்டில் முதல் நாள் பூனை சரியாகச் சாப்பிடாமல் இருப்பது சாதாரணம். ஆனால் வளர்ந்த பூனை 24 மணி நேரத்துக்கு மேல் ஒரு வாய்கூடத் தொடவில்லை என்றால் மருத்துவரை அழையுங்கள். பட்டினி கிடக்கும் பூனையின் உடல் கொழுப்பைக் கரைத்துக் கல்லீரலில் கொண்டுபோய்ச் சேர்க்கும். அதனால் கல்லீரலே செயலிழக்கலாம். பருமனான பூனைகளுக்கு இந்த ஆபத்து மிக அதிகம். சிறு குட்டிகளோ அரை நாள் பட்டினியையே தாங்கமாட்டா.

கிண்ணங்கள் அகலமாகவும் ஆழமில்லாமலும், எஃகு, பீங்கான் அல்லது கண்ணாடியில் இருக்கட்டும். பிளாஸ்டிக்கின் கீறல்களில் கிருமிகள் தங்கிவிடும். தண்ணீரை உணவுக்குப் பக்கத்தில் வைக்காமல் அறையின் வேறொரு மூலையில் வையுங்கள். அப்படி வைத்தால் பல பூனைகள் கூடுதலாகக் குடிக்கின்றன. வறண்ட நிலத்தில் தோன்றிய பிராணியாகையால் பூனைக்குத் தாகம் குறைவு. ஈர உணவில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். உலர் உணவில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். உலர் உணவு மட்டும் கொடுப்பவர்கள் தண்ணீர்க் கிண்ணங்களின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும்.

கேரியரைப் பூனையை அழைத்துவரும் நாளுக்கான பொருளாக மட்டும் நினைக்காதீர்கள். முன்பக்கமும் மேற்பக்கமும் திறக்கக்கூடிய, மேல் பாதியைக் கழற்றக்கூடிய உறுதியான கேரியராக வாங்குங்கள். மருத்துவரின் மேசையில் மேல் பாதியை மட்டும் கழற்றிவிட்டால், பூனை தன் துணியிலேயே உட்கார்ந்தபடி பரிசோதனையை ஏற்கும். வாசல் வழியாக இழுத்து வெளியே எடுக்கும் போராட்டம் இருக்காது. வீட்டுக்கு வந்த பிறகு அதை மேலே தூக்கி வைக்காமல், கதவைத் திறந்து, உள்ளே துணி விரித்து, அறையிலேயே விட்டுவையுங்கள். அவ்வப்போது ஒரு துண்டு தின்பண்டத்தை உள்ளே போடுங்கள். படுக்கும் இடமாக அது மாறிவிட்டால், அடுத்த முறை மருத்துவமனைக்குப் புறப்படும்போது துரத்திப் பிடிக்க வேண்டியிருக்காது. எந்தப் பூனையையும், எவ்வளவு சாதுவானதாக இருந்தாலும், தெருவில் கையில் ஏந்திக்கொண்டு வராதீர்கள். ஒரு வாகனத்தின் ஹாரன் போதும், கையிலிருந்து நழுவிவிடும்.

கீறல் கம்பத்தில் பார்க்க வேண்டியவை உயரமும் உறுதியும்தான். பின்னங்காலில் நின்று உடலை முழுவதும் நீட்டிக் கீறும் அளவுக்கு, ஏறத்தாழ 90 செ.மீ. உயரம் வேண்டும். ஒருமுறை ஆடினாலும் பூனை அதை நம்பாது. ஆடாத சோபாவுக்குப் போய்விடும். கற்றாழை நார்க் கயிறு சுற்றிய கம்பம் பெரும்பாலான பூனைகளுக்குப் பிடிக்கும். சிலவற்றுக்குத் தரையில் கிடக்கும் அட்டைப் பலகைதான் பிடிக்கும். மலிவு என்பதால் இரண்டையும் வைத்துப் பாருங்கள். கீறுவது கெட்ட பழக்கம் அன்று: நகத்தின் பழைய உறை கழல்வதும் தசைகளை நீட்டுவதும் பாதத்திலுள்ள சுரப்பிகளால் தன் வாசனையைப் பதிப்பதும் அப்போதுதான் நடக்கின்றன. தூங்கி எழுந்ததும் கீறத் தோன்றும் என்பதால் கம்பத்தைப் படுக்குமிடத்துக்கு அருகில் வையுங்கள். நகத்தையே எடுத்துவிடும் அறுவையை யாரும் பரிந்துரைத்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அது விரலின் கடைசி எலும்பை வெட்டி எடுப்பது; பல நாடுகளில் தடை செய்யப்பட்ட கொடுமை.

அதற்குப் பதில் ஒரு நகவெட்டி வாங்குங்கள். பூனை அரைத்தூக்கத்தில் இருக்கும்போது ஒரு பாதத்தை எடுத்து, கட்டைவிரலால் விரலின் மேலும் ஆள்காட்டி விரலால் அடிப்பஞ்சிலும் மெல்ல அழுத்தினால் நகம் வெளியே நீளும். வெளிச்சத்தில் பார்த்தால் அடிப்பகுதியில் இளஞ்சிவப்பாக ஒரு பகுதி தெரியும். அதில் இரத்தமும் நரம்பும் ஓடுகின்றன. அதைத் தொடாமல், நுனியிலுள்ள வெண்மையான கொக்கியை மட்டும் வெட்டுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு நகம் போதும். சீப்பு ஒன்று, நீள முடிப் பூனையானால் இரும்புப் பல் சீப்பு. குளிப்பாட்டும் சாமான்கள் வேண்டாம்.

விளையாட்டுக்குக் குச்சியின் முனையில் இறகு கட்டிய ஒன்றும் சில பந்துகளும் போதும். நாளுக்கு இருமுறை, பத்து நிமிடம். கடைசியில் பூனை "இரையை" பிடிக்கும்படி விட்டு, உடனே உணவு வையுங்கள். விளையாடியதும் குச்சியை அலமாரிக்குள் பூட்டிவிடுங்கள். காரணம் அதிலுள்ள நூல்.

வீட்டிலிருந்து அகற்ற வேண்டியவற்றில் முதலில் வருவதும் நூல்தான். பூனையின் நாவில் உள்நோக்கி வளைந்த முட்கள் உண்டு; வாயில் போன நூலைத் துப்ப முடியாமல் விழுங்கிக்கொண்டே இருக்கும். ஒரு முனை எங்காவது சிக்கினால், குடல் அந்த நூலின் மேல் சுருண்டு அறுபடும். தையல் நூல், ஊசி, பரிசுப்பொதி ரிப்பன், தலைமுடி ரப்பர் அனைத்தையும் டப்பாவில் போட்டு மூடுங்கள். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கக் கண்டால் இழுக்காதீர்கள், மருத்துவரிடம் போங்கள்.

லில்லி மலர்களும் டே லில்லியும் வீட்டுக்குள் வரவே கூடாது. இலை, இதழ் மட்டுமல்ல, உடலில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலும், பூச்சாடித் தண்ணீரைக் குடித்தாலும் மூன்று நாட்களுக்குள் சிறுநீரகம் செயலிழக்கலாம். பாரசிட்டமால் மாத்திரை ஒன்றே ஒன்று போதும் பூனையைக் கொல்ல. அதை முறிக்கும் நொதி பூனையின் கல்லீரலில் போதுமான அளவு இல்லை. தெள்ளுப்பூச்சிக்காக நாய்களுக்குப் போடும் பெர்மெத்ரின் கலந்த சொட்டு மருந்து பூனைக்கு வலிப்பு வரவைக்கும். தண்ணீரில் கலந்தால் வெள்ளையாகும் ஃபீனால் வகைத் தரைத் திரவங்கள், நறுமண எண்ணெய்கள், வெங்காயம், பூண்டு ஆகியவையும் ஆகாது.

ஜன்னல்களையும் பால்கனியையும் உறுதியான வலையால் அடைத்த பிறகே பூனையை அழைத்துவாருங்கள். "பூனை விழுந்தாலும் காலூன்றி விழும், ஒன்றும் ஆகாது" என்பது ஆபத்தான நம்பிக்கை. நியூயார்க்கில் உயரமான கட்டடங்களிலிருந்து விழுந்து மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்ட 132 பூனைகளைப் பற்றிய ஆய்வு 1987ல் வெளியானது. சிகிச்சை பெற்றவற்றில் 90 சதவீதம் பிழைத்தன என்ற வரியை மட்டும் பலரும் சொல்கிறார்கள். நுரையீரல் நசுங்கியும் தாடை பிளந்தும் வந்த பூனைகள் அவற்றில் ஏராளம். விழுந்த இடத்திலேயே இறந்தவை அந்தக் கணக்கில் வரவே இல்லை. சலவை இயந்திரத்தை இயக்கும் முன் உள்ளே எட்டிப்பார்ப்பதையும் இப்போதே பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

பூனை வருவதற்குள் ஒரு கால்நடை மருத்துவரைப் பேசி வைத்து, முதல் வாரத்திலேயே அழைத்துச் செல்லுங்கள். முந்தைய தடுப்பூசி, குடற்புழு மருந்து பற்றிய குறிப்புகளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். குட்டிகளுக்கு 6 முதல் 8 வார வயதில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, குறைந்தது 16 வாரம் வரை தடுப்பூசி தொடர வேண்டும். ரேபிஸ் ஊசி தனி. நான்கு மாதக் குட்டியே கருத்தரிக்கலாம் என்பதால் ஐந்து மாதத்துக்குள் கருத்தடை பற்றிப் பேசிவிடுங்கள். தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லுக்குள் 15 இலக்க எண் இருக்கும். அந்த எண்ணோடு உங்கள் தொலைபேசி எண்ணைப் பதிவு செய்யாவிட்டால் சில்லால் பயனில்லை. கழுத்துப்பட்டை போடுவதானால் இழுத்தால் தானே கழன்றுகொள்ளும் வகை மட்டும்.

மெத்தை, தானியங்கித் தட்டு, பூனை மரம் (பூனை ஏறி உட்காரும் அடுக்குத் தாங்கி), நீரூற்றுக் கிண்ணம் இவையெல்லாம் பிறகு. ஒரு மாதம் கவனித்தால், உங்கள் பூனை உயரத்தை விரும்புகிறதா, வெயில் படும் தரையை விரும்புகிறதா என்று தெரிந்துவிடும், அதற்கேற்ப வாங்கலாம்.

வீட்டில் ஏற்கெனவே ஒரு பூனை இருந்தால், மேலே சொன்ன அறைக்குள் எல்லாமே தனியாக வேண்டும்: தட்டு, கிண்ணம், கம்பம், பெட்டி. இரண்டும் முதல் நாளே சந்திக்க வேண்டாம். ஒன்று படுத்த துணியை மற்றொன்றின் அறையில் சில நாட்கள் வையுங்கள். பிறகு மூடிய கதவின் இரு பக்கமும் ஒரே நேரத்தில் உணவு வையுங்கள். சீறாமல் இரண்டும் சாப்பிட்டு முடிக்கும் நிலை வந்த பிறகே கதவைச் சற்றுத் திறந்து பாருங்கள். இதற்கு ஒரு வாரமும் ஆகலாம், ஒரு மாதமும் ஆகலாம். வேகத்தைப் பூனைகளே தீர்மானிக்கட்டும்.